பூமிக்குக் கம்பி கிடையாது

எனக்கு வந்த முதல் மெமோ, பூமியின் அச்சாணியைக் கழற்றியதற்காக வந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பள்ளிக்குச் சொந்தமான பூகோள உருண்டையின் அச்சாணியை முன் அனுமதி இன்றிக் கழற்றியது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும் என்று முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள். வாசித்ததும் கோபம் வந்தது. அதுவும் மெமோ மேல் இல்லை, அந்தச் சொல் மேல். நான் கழற்றியது அச்சு. அச்சாணி என்பது வண்டிச் சக்கரம் கழன்று ஓடாமல் அச்சின் நுனியில் செருகுகிற சின்ன ஆணி. திண்டுக்கல் சந்தைக்கு வருகிற எந்த வண்டிக்காரரைக் கேட்டாலும் சொல்வார். பூகோள உருண்டைக்கு அச்சாணியே கிடையாது. இல்லாத ஒன்றைக் கழற்றியதற்கு நான் விளக்கம் எழுத வேண்டியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஊருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பூகோள ஆசிரியராகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பைப் பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் நிரந்தரம். இல்லாவிட்டால் அத்தாவின் தோல் மண்டிதான். பேகம்பூரில் எங்கள் மண்டி இருந்தது. மூத்த மகன் நான் என்பதால் அங்கே எனக்கு ஒரு மணைப்பலகை போட்டே வைத்திருந்தார்கள். ஆசிரியர் வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது அத்தா சண்டை போடவில்லை. இரண்டு வருஷம் போய்ப் பார், அவர்களுக்கு நீ வேண்டும் என்றால் இரு, வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடு என்று மட்டும் சொன்னார். அவர் சொன்ன சொல் மாறாதவர். நானும் சரி என்று தலையாட்டியிருந்தேன். எனக்கோ தோல் பதனிடுகிற அந்த ஆவாரம்பட்டை வாடையில் ஆயுசு முழுக்க உட்கார முடியாது. வகுப்பில் நின்று பேசும்போது மட்டும்தான் நான் ஓர் ஆளாக இருந்தேன்.

உருண்டையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கு அது ஒன்றுதான். தலைமை ஆசிரியர் அறை பீரோ மேல் துணி போர்த்தி இருக்கும். காகிதக்கூழில் செய்து மேலே படம் ஒட்டியது. எந்தக் காலத்திலோ கீழே விழுந்து பசிபிக் பெருங்கடல் பக்கம் பொத்தலாகி, உள்ளே எதையோ அப்பி அடைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் கனம். வகுப்பில் இந்தியாவைக் காட்டுவதற்காகத் திருப்பி நிறுத்திக் கையை எடுத்தால், உருண்டை மெதுவாக, யாரோ கூப்பிட்ட மாதிரி, சாய்ந்த பக்கமாகத் திரும்பிவிடும். நான் பாடம் முழுக்க ஒரு கையால் இந்தியாவைப் பிடித்துக்கொண்டே நடத்த வேண்டும். மறு கையில் சாக்குக்கட்டி. இரண்டு வருஷம் இப்படிப் பிடித்துப் பிடித்து எனக்கு அதன் மேல் வெறுப்பே வந்துவிட்டது.

அந்த வெறுப்புதான் என்னை ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் கொண்டு போய் மாட்டிவிட்டது. நகராட்சி வாசகசாலையில் அட்டை கிழிந்து கிடந்த பழைய இதழ். சுழலுகிற கோளில் ஓர் இடத்தில் பாரம் கூடினால் என்ன ஆகும் என்று அதில் எழுதியிருந்தது. பாரம் நடுக்கோட்டுக்குப் போய்ச் சேரும் வரை கோளின் உடம்பே மெள்ளப் புரண்டு கொடுக்கும். சுழலும் அச்சு வானத்தில் பார்த்த திசையையே பார்த்துக்கொண்டு நிற்கும். அதன் மேலே கோள் தன்னைத் திருப்பிக்கொள்ளும். முன்பு துருவத்தில் இருந்த மண் வேறிடம் போய்விடும், வேறு மண் துருவத்துக்கு வந்துவிடும். பூமிக்கு ஏற்கெனவே நடுக்கோட்டில் இடுப்புப் பருத்திருப்பதால் சட்டென்று அசையாது. ஆனால் கல்லும் கோடிக்கணக்கான வருஷத்தில் வளைந்து கொடுக்கும், அப்போது அந்த இடுப்பே இடம் மாறும். நான் அதை நாலு தடவை படித்தேன். வெளியே வந்து சிறுமலையைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மலை அந்தக் கணக்கில் கடுகுக்கும் காணாது என்று புரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்புதான்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் சொன்னேன். யாருக்கும் ஏறவில்லை. ஏன் என்று எனக்குத் தெரிந்தது. அவர்கள் கண் முன்னால் உருண்டையின் நடுவே ஒரு கம்பி நின்றது. அச்சு என்றால் அவர்களுக்கு வண்டி அச்சு, கம்பி என்றால் கம்பி. கம்பியில் கோத்த உருண்டை எப்படிப் புரளும்? சுற்றத்தானே முடியும்? பூமிக்குக் கம்பி கிடையாது என்று எத்தனை முறை சொல்வது? ஆத்திரத்தில் தாங்கியின் திருகாணியைத் தளர்த்தி, கம்பியைப் பிடித்து உருவிவிட்டேன். உருவும்போது தென்துருவத்தில் இருந்த தகரமூடியும் சேர்ந்து வளைந்து கையோடு வந்துவிட்டது. உருண்டையைப் பரங்கிக்காய் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, இதுதான் உண்மையான பூமி, பிடிக்க ஒன்றும் இல்லாத பூமி என்றேன். நான் நடத்தியதிலேயே நல்ல வகுப்பு அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கம்பி திரும்ப ஏறவில்லை.

தலைமை ஆசிரியர் சாணார்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் இருந்து வந்தவர், தமிழில் புலவர். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். மெமோவை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், நான் கழற்றியது அச்சுதான், அச்சாணி இல்லை என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? தேருக்கே அப்படின்னா பூமிக்குச் சொல்லணுமா?”

தேரில் அச்சாணி எங்கே இருக்கிறது, அச்சு எங்கே இருக்கிறது என்று காகிதத்தில் வரைந்தே காட்டினேன். பூமியில் இரண்டுமே இல்லை என்றும் சொன்னேன். அச்சு என்பது நாம் மனசில் போட்டுக்கொள்கிற கோடு. அந்தக் கோடு நிற்க, பாரத்துக்குத் தகுந்தபடி பூமி புரளும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், பாரம் ஏறினால் அச்சு முறியும் என்பதுதான் தான் கண்டது என்றார். அறியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அத்தோடு முடிந்துவிடும் என்றும் சொன்னார். இன்ஸ்பெக்டர் வருவதற்குப் பதினைந்து நாள் இருந்தது. எழுத மாட்டேன், இன்ஸ்பெக்டர் முன்னாலேயே செய்து காட்டுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வாய் கொடுத்தாயிற்று. செய்து காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.

மண்டியில், கிணற்று நீர் இறைக்கிற கமலைச் சாலுக்குத் தும்பி என்கிற தோல் குழாய் தைக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் சொல்லி, உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு தோல் பந்து தைத்து வாங்கினேன். உள்ளே தவிடு திணித்து, ஒரு பக்கம் மட்டும் ஈயக்கட்டி வைத்துத் தைத்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பந்தை அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுழற்றினேன். ஈயம் இருந்த பக்கம் புரண்டு நேராக அடிக்குப் போய்விட்டது. மறுபடி சுழற்றினேன். மறுபடி அடிக்கு. வேகமாக, மெதுவாக, இடமாக, வலமாக, எப்படிச் சுழற்றினாலும் அது அடிக்கே போயிற்று. நாலு நாள் இதே கூத்து. தோல் ஊறி நாற்றம் எடுத்தது. அம்மா அண்டாவைப் பிடுங்கிக்கொண்டு, இனி இதில் எப்படிச் சோறு ஆக்குவது என்று திட்டினாள்.

ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலிக்காரர் கணக்கு வாத்தியார், ஒட்டன்சத்திரத்துக்காரர். அவரிடம் புலம்பினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். பிறகு சொன்னார்.

“ஏனுங்க, பூமிக்குக் கீழன்னு ஒன்னு இருக்குதுங்களா? உங்க அண்டாவுக்கு இருக்குதுங்க. கீழன்னு ஒன்னு இருக்கற வரைக்கும் பந்து உங்க பேச்சக் கேக்காதுங்க.”

சரியாகச் சொன்னார். அது எனக்கு முதலிலேயே தோன்றவில்லையே என்று அவர் மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் ‘கீழே’ என்பதை நான் எங்கே கொண்டு போய் ஒழிப்பது? திண்டுக்கல்லில் எங்கே போனாலும் கீழே கீழேதான்.

வழி சிறுமலை அடிவாரத்தில் கிடைத்தது. ஒரு வேலையாகப் போயிருந்தேன். மலையில் இருந்து வாழைத்தார் சுமந்து குதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. முதுகின் இரண்டு பக்கமும் ஒரே எடை. ஒரு பக்கத்தில் ஒரு தார் கூடிப்போனதும் ஓட்டுகிறவர் குதிரையை நிறுத்தி மாற்றிக் கட்டினார். இல்லாவிட்டால் பொதி சரிந்துவிடும் என்றார். நான் வந்த வேலையை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். ஒரே ஈயக்கட்டியை வைத்தால்தானே அது கீழே இழுக்கும்? எதிரெதிராக இரண்டு வைத்தால் எது கீழே போகும்? இரண்டும் போக முடியாது. அப்போது மிச்சம் இருப்பது சுழற்சி மட்டும்தான்.

பெரியவர் பந்தைப் பிரித்து எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஈயம் வைத்துத் தைத்தார். இப்போது தண்ணீரில் எப்படி விட்டாலும் அப்படியே நின்றது. ஆனால் தண்ணீர் இரண்டு சுற்றிலேயே பந்தை நிறுத்திவிட்டது. பூட்டுப் பட்டறையில் ஒரு கை டிரில்லை இரவல் வாங்கி, அதன் வாயில் முறுக்கு நூலைக் கட்டி, நூலின் நுனியில் பந்தைத் தொங்கவிட்டேன். ஓர் ஈயம் மேலே, ஓர் ஈயம் கீழே. தெரிவதற்காக இரண்டின் மேலும் சுண்ணாம்புப் பொட்டு. மண்டியின் பின்கட்டில் நின்று கைப்பிடியைச் சுற்றினேன். பந்து முதலில் தள்ளாடியது. இன்னும் வேகமாகச் சுற்றினேன். ஒரு குலுக்குக் குலுக்கிப் பந்து படுத்துக்கொண்டது. மேலும் கீழும் இருந்த பொட்டுகள் வயிற்றுப் பக்கம் வந்து, சுற்றுகிற வேகத்தில் ஒரே வெள்ளைக் கோடாக ஓடின. பாரம் நடுக்கோட்டுக்கு வந்துவிட்டது.

அத்தா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. நான்காம் வகுப்போடு படிப்பை விட்டவர். இன்னொரு தடவை சுத்து என்றார். சுற்றினேன். குனிந்து, நூலையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நூலு சாயல. பந்துதான் புரண்டுக்கிச்சு. அதத்தான சொல்ற நீ?”

ஒன்பதாம் வகுப்பும் தலைமை ஆசிரியரும் சேர்ந்து என்னிடம் சொல்லாத வார்த்தை அது. ஆமாம் அத்தா என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். அன்று மாலை மண்டிக்கு வந்த சித்தையன்கோட்டை வியாபாரியைப் பின்கட்டுக்குக் கூட்டி வந்து, என்னை மறுபடி சுற்றிக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் ஆட்டுத் தோலுக்கு விலை பேச வந்தவர். பாவம், தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று எனக்குக் கொடுத்தது மதியத்துக்கு முந்தின வகுப்பு. மெலிந்த மனிதர், கோட்டுப் போட்டிருந்தார், வியர்த்துக்கொண்டே இருந்தார். கடைசி பெஞ்சில் தலைமை ஆசிரியரோடு உட்கார்ந்தார். மேசையில் கம்பி இல்லாத உருண்டை ஒரு துணிச் சும்மாட்டின் மேல் இருந்தது. நான் பயப்படவில்லை. டிரில்லை எடுத்துச் சுற்றினேன். பந்து தள்ளாடியது, குலுங்கியது, படுத்துக்கொண்டது. வெள்ளைக் கோடு ஓடியது. வகுப்பில் ஓ என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றே நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். “எர்த்தோட ஆக்ஸிஸ் எத்தன டிகிரி சாஞ்சிருக்கு?”

“இருபத்துமூணரை டிகிரி சார்.”

“உம்ம நூல் நேரா நிக்குதே?”

தொங்குகிற நூல் நேராகத்தான் நிற்கும். அந்த இருபத்துமூன்றரை, பூமி சூரியனைச் சுற்றும் பாதையை வைத்துச் சொல்வது. அது வேறு கதை, நான் காட்டியது வேறு கதை. முன்னது அச்சு வானத்தில் எப்படி நிற்கிறது என்பது. பின்னது அந்த அச்சின் மேல் பூமி எப்படித் தன்னைத் திருப்பி வைத்துக்கொள்கிறது என்பது. இதை நான் சொல்லத்தான் செய்தேன். வேகமாகச் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவும் சொல்லிவிட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன். செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள். இவர் செவிடர் கூட இல்லை, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்ட மனிதர். குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்தார்.

மூன்று மணிக்குத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். இன்ஸ்பெக்டர் நாலு மணி பஸ்ஸுக்குப் போகிறார். என் காகிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அச்சின் சாய்வு சரியாகக் காட்டப்படவில்லை என்று எழுதியிருக்கிறார். ஆனாலும் பேச்சுத் திறமை உண்டு, போகட்டும் என்கிறார். இடிப்பது நிலுவையில் உள்ள மெமோதான். விளக்கம் இல்லாத மெமோவோடு நிரந்தரம் கொடுக்க விதியில் இடமில்லை. இதையெல்லாம் தலைமை ஆசிரியர் தன் சொந்தத் தம்பிக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். வெள்ளைத் தாளையும் மைப்புட்டியையும் அவரே என் பக்கம் நகர்த்தினார். என்ன எழுதுவது என்றேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘பூமியின் அச்சாணியை நான் அறியாமையால் கழற்றிவிட்டேன். இனி அவ்வாறு செய்ய மாட்டேன்.’

அச்சாணி என்றுதான் எழுதினேன். அச்சு என்று எழுத ஒரு நொடி பேனாவைத் தூக்கினேன். மெமோவில் உள்ள சொல்லும் விளக்கத்தில் உள்ள சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார் அவர். அறியாமையால் என்ற சொல்லுக்கு மட்டும் மை சரியாகப் பிடிக்கவில்லை, இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. மூன்றே முக்காலுக்கு நிரந்தரம் ஆகிவிட்டேன்.

அடுத்த மாதமே மதுரையில் இருந்து ஆள் வந்து உருண்டைக்குப் புதுக் கம்பி போட்டுப் போனார். அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்தக் கம்பியோடுதான் பாடம் நடத்தினேன், ஒரு கையால் இந்தியாவைப் பிடித்துக்கொண்டு. பாரம் புரளும் கதையை நான் மறுபடி வகுப்பில் எடுக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை என்று நானே சொல்லிக்கொண்டேன். தலைமை ஆசிரியர் மேலும் இன்ஸ்பெக்டர் மேலும் எனக்கு இருந்த ஆத்திரம் சில வருஷங்களில் ஆறிப்போனது. அவர்களுக்குத் தெரியாது, தெரியாததை எழுதினார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதியவன் நான். அந்த ஆத்திரம் மட்டும் ஆறவில்லை.

அன்று சாயங்காலம் பள்ளியில் இருந்து நேராக மண்டிக்குத்தான் போனேன். அத்தா தோல் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலில் இருந்து எண்ண வேண்டும். அவர் எதற்காகவும் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை. நிரந்தரம் ஆயிருச்சு என்றேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

“பந்து புரண்டதப் பாத்தாரா?”

“பாத்தாரு அத்தா.”

“ஒத்துக்கிட்டாரா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் ஒருவருக்குத்தான் அது புரிந்திருக்கும். நூல் நேராக நிற்கிறதே என்று கேட்டார் என்றால் அத்தா சிரித்திருப்பார். என்ன எழுதிக் கொடுத்தாய் என்றும் கேட்டிருப்பார்.

“ஒத்துக்கிட்டாரு” என்றேன்.

அத்தா தலையை ஆட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப ஒன்னய அவுங்களுக்கு வேணும். நீ அங்கனயே இருந்துக்க. மண்டிய நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, தோல் கட்டுகளை மறுபடி ஒன்று என்று எண்ணத் தொடங்கினார்.